கீழ்மடைக்காரி

நீடாமங்கலத்து ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று போட்ட ரோடு அது. மாநில நெடுஞ்சாலை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊர்களையெல்லாம் ஓரமாக விட்டுவிட்டு வயலோடு வயலாக நன்னிலம் பக்கம் போய்விடலாம். வழி நெடுகக் கயிறு பிடித்த மாதிரி நேராக வருகிற ரோடு, எங்கள் பூவத்தமூலைக்கு வந்ததும் மட்டும் இடது கைப் பக்கம் ஒரு நெளி நெளிந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல நேராகிவிடும். காரில் போகிறவர்கள் அந்த இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் போதும். எங்களுக்கோ அந்த வளைவைப் பார்த்தாலே வயிறு எரியும்.

நேராகப் போயிருந்தால் ரோடு ஊர்ப் பண்ணையார் துரைராசுவின் தென்னந்தோப்பிலும் அவருடைய மில் களத்திலும் ஏறியிருக்கும். வளைந்ததால் வைரக்கண்ணுவின் ஆறு மா நிலத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுப் போயிற்று. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அது அவருக்கு அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து இல்லை. அவரும் அவர் மனைவி செந்தாமரையும் துரைராசுவின் பண்ணையில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கோடையில் செங்கல் சூளையில் வெந்து வாங்கியது. மகள் வானதியைத் தஞ்சாவூரில் நர்சுக்குப் படிக்கவைத்ததும் அந்த வயல் நெல்தான். கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிற தெற்குத் தெருவில் முதன்முதலில் சொந்த வயலில் இறங்கி நாற்று நட்டவள் செந்தாமரை. அன்றைக்கு அவள் குலவை போட்டது மில் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

ரோட்டுக்கு முதலில் கல் நட்டது தோப்போரமாகத்தான். மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள். ஊரே பார்த்தது. மாசி மாதம் ஒருநாள் துரைராசுவிடமிருந்து ஆள் வந்தது. தோப்புக்கு வடக்கே இருக்கிற அவருடைய வயலில் அறுப்பு மெஷின் இறங்க வேண்டும், கல் இடிக்கிறது, வைரத்தை வந்து எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லு என்று. வைரக்கண்ணு போனார். அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவர் உடம்பிலேயே கிடையாது.

"எங்கய்யா வைக்கிறது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"ஒன் வயல்ல போட்டு வையேம்ப்பா. சும்மாதானே கெடக்கு" என்றாராம் துரைராசு.

ஒவ்வொரு கல்லாகத் தோளில் சுமந்துகொண்டுபோய்த் தன் வயலிலேயே வரிசையாக வைத்துவிட்டு, துரைராசு வீட்டு வாசலில் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார் மனுஷன். சித்திரையில் அளக்க வந்தவர்கள் கல் கிடந்த இடத்திலேயே குழி தோண்டி நட்டுவிட்டுப் போனார்கள். கல் போன இடத்துக்கு ரோடு வந்ததா, ரோடு வரப்போகிற இடத்துக்குக் கல் போனதா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. துரைராசு மேலே யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மனு எழுதிக்கொண்டு செந்தாமரை ஏறி இறங்காத படி இல்லை. நஷ்ட ஈடு வந்தது. நிலம் போனது போனதுதான்.

"ரோடு வந்ததக்கூட மறந்துருவேன்" என்பாள் அவள். "ஒங்க தோள்லயே தூக்கியாந்து வச்சீங்களே, அத மறக்க முடியலங்க."

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு பழைய சோற்றைப் பிசைவார்.

அன்றிலிருந்து செந்தாமரை துரைராசுவை ஐயா என்று சொல்வதை விட்டாள். பேரைத்தான் சொன்னாள். அந்த ஆளை ஒருநாள் சேற்றில் நிறுத்திப் பார்க்காமல் சாக மாட்டேன் என்று நாற்றங்காலில், ரேஷன் கடையில், பஸ்சில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோபத்தில் பேசுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ரோட்டுக்கு மண் அடிக்கிற வேலை அடுத்த வருஷம் கோடையில் நடந்தது. லாரி லாரியாகக் கிராவல் வந்து கொட்டி, ஆள் உயரத்துக்கு மேடு எழும்பியது. மேட்டுக்குத் தெற்கே துரைராசுவின் பத்து மா வயல். வடக்கே செந்தாமரைக்கு மிஞ்சிய துண்டு நிலம். அதற்கும் வடக்கே ஊர்த் தண்ணீரெல்லாம் போய் விழுகிற வடிவாய்க்கால்.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவன் லியோ. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். நல்ல மாதிரி. ஒருநாள் வெயிலில் தொப்பியோடு வந்து செந்தாமரையின் வரப்பில் உட்கார்ந்தான். அவள் மோர் கொடுத்தாள்.

"யம்மா, தெக்க இருக்கிற வயலு தண்ணியெல்லாம் எப்படி வடியும்?"

"என் வயல் வழியாத்தான். நாங்க இத வாங்குறதுக்கும் முன்னாடியிலேருந்து அப்படித்தான்."

"தனி வாய்க்கால் இல்லையா?"

"இஞ்ச யாருக்கு இருக்கு தனி வாய்க்கா? மேல்மடைத் தண்ணி கீழ்மடைக்கு வரும். கீழ்மடைக்காரங்க வாங்கி வடிவாய்க்கால்ல விடுவோம்."

"அப்ப இந்த எடத்துல ரோட்டுக்கு அடியில ஒரு பைப் போடணும். தண்ணி ஒங்க நெலத்துல வந்துதான் விழும். நீங்க சரின்னு சொன்னா நான் எழுதிப் போட்டுருவேன்."

அவன் குடித்து முடித்ததும் செந்தாமரை டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இஷ்டமில்ல தம்பி."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க?"

"முக்காவாசி நெலத்த ரோட்டுக்குக் குடுத்தாச்சு. மிச்சத்துல ஊரான் தண்ணிய ஏன் வாங்கணும்? அந்த மேல்மடைக்காரரு வந்து என் வாசல்ல நின்னு கேக்கட்டும். அப்பப் பாக்கலாம்."

இது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். வெட்டுக்குத்து நடந்து கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள்கூட மடையை அடைத்துக்கொண்டது கிடையாது. பேச்சு நின்றுபோகலாம், பெண் கொடுக்கல் நின்றுபோகலாம், தண்ணீர் மட்டும் அதன் வழியில் போகும். கீழ்மடைக்காரி மாட்டேன் என்று சொல்லிக் கேட்டது ஊருக்கு அதுதான் முதல் தடவை.

லியோ துரைராசுவிடம் போனான். துரைராசு சிரித்திருக்கிறார். "அவகிட்டப் போயி நான் நிக்கணுமா? விடுங்க தம்பி. அடுத்த வருஷம் அந்த எடம் மனைக்கட்டு. ரோட்டு மேல இருக்கிற எடத்துல எவன் பயிரு வைப்பான்? பைப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாராம். ரோடு வளைந்ததில் அவருக்குத் தோப்பு தப்பியது மட்டுமில்லை, பத்து மா வயல் ரோட்டோர மனையாகவும் ஆகியிருந்தது. அவருக்கு அது இரட்டைத் தீபாவளி.

இதைக் கேட்டபோது செந்தாமரைக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. "ஒரு மழ பெய்யட்டும்" என்றாள் புருஷனிடம். "அந்த எடம் முழுக்கத் தண்ணி நிக்கும். ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். தண்ணி நிக்கிற மனைய எவன் வாங்குவான்? வித்துருவாரா? நானும் பாக்குறேன்."

"மடைய அடைக்கிறது பாவம் தாமரை."

"கல்ல மாத்தி வைக்கிறது பாவமில்லையா?"

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அவள் போட்ட கணக்கு எல்லாம் சரி. ஒன்றைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆடி மாதம் துரைராசு, மனை போடுகிற வரைக்கும் நிலம் ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்று, அந்தப் பத்து மாவை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு விட்டார். வாய்ப்பேச்சுக் குத்தகை. எடுத்தவர் கண்ணுசாமி. செந்தாமரையின் கூடப்பிறந்த தங்கை அம்சத்தின் புருஷன்.

அம்சம் ஓடி வந்து சொன்னாள். பத்து மா நிலம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பத்து மாக்கா! நானும் அவரும் மட்டும்தான். ஆளு வைக்கப் போறதில்ல. ஒரு போகம் எடுத்துட்டா வீட்டுக்கு மேல ஷீட்டு மாத்திரலாம். ஒழுகி ஒழுகி மூலையெல்லாம் நொந்து கெடக்கு."

செந்தாமரை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோயிற்று.

"அவரு நெலத்தயா எடுக்கணும்? வேற நெலமே இல்லையா?"

"யாரு குடுக்குறாங்க நமக்குப் பத்து மா? ஒனக்கு அவரு மேல இருக்கிற கோவம் தெரியும். நெலத்து மேல என்ன கோவம்?"

"அதுக்கில்ல."

"எங்க வூட்டுக்காரரு ஒண்ணுதான் யோசிக்கிறாரு. ரோட்டுக்கு அடியில பைப் ஏதும் காணோமே, தண்ணி எப்படி வடியும்னு. நாந்தான் சொன்னேன், கீழ்மட எங்கக்காளுது, அக்கா பாத்துக்கும்னு."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பைப் வேண்டாம் என்றது நான்தான், நிலத்தை எடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் மறுநாள் லியோவைக் கூப்பிட்டு, போட்டுக்க தம்பி என்று சொல்லியிருக்கலாம். அப்போது கிராவல்தான் அடித்திருந்தது, தார் போடவில்லை. செந்தாமரை முறத்தைத் தட்டினாள்.

"ரோட்டு வேல முடியறதுக்குள்ள போட்டுருவாங்க" என்றாள்.

அவள் செய்ததை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மழை ஒரு வருஷம் பெய்யும், ஒரு வருஷம் ஏமாற்றும். இந்த வருஷம் ஏமாற்றிவிட்டால் தங்கச்சிக்கும் நெல், அடுத்த வருஷம் துரைராசுவுக்கும் தண்ணீர். அப்படித்தான் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருப்பாள். பழி வாங்க நினைக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட சமாதானம் எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறது.

ஆவணியில் அம்சமும் கண்ணுசாமியும் நடவை முடித்தார்கள். அந்த வருஷம் அம்சம் உழைத்ததைப் போல யாரும் உழைத்துப் பார்த்ததில்லை. விடிவதற்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பொழுது சாயத்தான் கரையேறுவாள். களை எடுத்தாள், உரம் தெளித்தாள், எலிக்குக் கிட்டி வைத்தாள். பயிர் கரும்பச்சையாக நின்றது. ரோட்டு மேட்டில் நின்று பார்க்கிறவர்கள் துரைராசு வயலா இது என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத் துண்டு நிலத்தில் அக்காள், இந்தப் பக்கம் தங்கை. மத்தியானம் இருவரும் ரோட்டு மேட்டிலேயே உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். அம்சம் கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பு செந்தாமரைக்குப் போகும். செந்தாமரை கொண்டுவருகிற கீரை மசியல் அம்சத்துக்கு. அப்போதெல்லாம் செந்தாமரை வானத்தை நிறையப் பார்த்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். சின்னம் எங்கேயோ போனது, மழை எங்கள் தலையில் விழுந்தது. பயிர் அப்போது தொண்டைக்கதிராக இருந்தது. கதிர் உள்ளே உருண்டு, வெளியே வரக் காத்திருக்கிற சமயம். அந்தச் சமயத்தில் பயிர் முழுகினால் பிழைத்தாலும் உள்ளே பால் பிடிக்காது. எல்லாம் சாவியாகப் போகும். வெறும் பதர்.

ரோட்டுக்குத் தெற்கே தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. மேடு அணை மாதிரி நின்றது. ரோட்டுக்கு வடக்கே செந்தாமரையின் துண்டு நிலத்தில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. தெற்கே பத்து மாவும் குளம். பயிரின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது.

தெருப் பையன்கள் ரோட்டோரமாகத் தூண்டில் போட ஆரம்பித்துவிட்டார்கள். வைரக்கண்ணுகூட நாலு கெளுத்தி பிடித்துக்கொண்டு வந்தார். செந்தாமரை அதைக் கையில் வாங்கி, எங்கே பிடித்தது என்று கேட்டாள். அம்சத்தின் வயலில் என்றார். கழுவாமலேயே கொல்லையில் பூனைக்குப் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் அம்சம் வந்தாள். தலையில் உரச் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு.

"அக்கா, ரோட்ட வெட்டணும்."

செந்தாமரை அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"லியோ தம்பிகிட்டப் பேசியாச்சு. ஜேசிபி நிக்குது, நான் வெட்டிவுட்டுர்றேன், அப்புறமா பைப்பையும் போட்டு மூடிர்றேங்குது. கீழ்மடைக்காரம்மா ஒரு வார்த்த சொல்லணும், அவங்க அப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க நெலத்துல தண்ணியத் தள்ளிட்டு நான் ஸ்டேஷன்ல நிக்க முடியாதுங்குது." அம்சம் நிறுத்தினாள். "நீ மாட்டேன்னு சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"கோடையில."

"நான் நெலம் எடுத்தேன்னு வந்து சொன்னப்ப, போட்டுருவாங்கன்னு சொன்ன?"

"சொன்னேன்."

அம்சம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று வைரக்கண்ணு பயந்தார். அவள் திட்டவில்லை.

"சரி. ஆனது ஆச்சு. இப்பச் சொல்லு. இன்னைக்கு வெட்டினாக்கூடப் பொழச்சுக்கும். கதிரு இன்னும் உள்ளதான் இருக்கு."

"துரைராசு வந்து கேக்கட்டும்."

"பயிரு என்னுதுக்கா!"

"நெலம் அவரோடது. மேல்மடைக்காரரு அவருதான். வந்து வாசல்ல நின்னு தண்ணிய வாங்கிக்கன்னு கேக்கட்டும். அந்த நிமிஷமே விடுறேன்."

"அவரு வருவாரா? அவருக்கென்ன நட்டம்? சாஞ்சாலும் முழுகினாலும் குத்தக நெல்ல எங்கிட்டத்தான் கேக்கப் போறாரு."

"அப்ப அவர்கிட்டப் போயி அழு. எங்கிட்ட ஏன் அழுவுற?"

இப்படிப் பேசுகிறவளா செந்தாமரை என்று கேட்டால், இல்லை. அம்சத்துக்குப் பேறுகாலம் பார்த்தவள் அவள்தான். ஆனால் ஒன்றரை வருஷமாகத் தீனி போட்டுப் போட்டு வளர்த்த ஆத்திரம், கையெட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் விட மனசு வரவில்லை.

அம்சம் மழையில் துரைராசு வீட்டுக்குப் போனாள். போன சுருக்கில் துரைராசுவின் ஆள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான்.

"வைரண்ணே, ஐயா மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஒங்கள வரச் சொல்றாரு. ரோட்டுல மடை வெட்டணுமாம்."

வைரக்கண்ணு எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். துண்டைத் தலையில் கட்டினார். இவ்வளவும் தானாக நடந்தது. அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டு மழைக்கெல்லாம் மடை வெட்டியது இந்த வீட்டுக் கைதான்.

செந்தாமரை குறுக்கே வந்து மண்வெட்டியின் காம்பைப் பிடித்தாள்.

"கல்லத் தூக்குன தோளு அது. எறக்குங்க."

"அம்சத்தோட பயிரு தாமரை."

"அம்சம் கூப்புட்டா போங்க. கூப்புட்டது யாரு?"

அவர் மண்வெட்டியை இறக்கினார். செந்தாமரை அதை வாங்கி வாசற்படியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "மொதலாளிய வரச் சொல்லு" என்றாள் சைக்கிள்காரனிடம். "மம்பட்டி இஞ்சதான் இருக்கு."

அன்றைக்குத் துரைராசு வரவில்லை. மழையும் விடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் வந்தார். அம்சத்தின் பயிருக்காக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மனை பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்த பார்ட்டி ரோட்டு மேட்டில் காரை நிறுத்தி, இறங்காமலேயே கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, இது ஏரியா, மனையா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதற்குத்தான் வந்தார். பின்னால் தெருவே வந்தது. ரோட்டு மேட்டில் லியோ ஜேசிபியை நிறுத்தி வைத்திருந்தான். அம்சமும் கண்ணுசாமியும் தண்ணீர் ஓரத்தில் நின்றார்கள். செந்தாமரை மண்வெட்டியோடு மேட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"என்ன தாமரை, எதுக்கு இவ்வளவு வீம்பு? தண்ணிய வாங்கி விடு" என்றார் துரைராசு.

"விடுறேன். நீங்க வெட்டுங்க."

"என்னது?"

"ஜேசிபி அப்புறம் வெட்டட்டும். மொத மண்ண நீங்க எறங்கி வெட்டணும். கல்ல இவரு தோள்ல சுமந்தாருல்ல? மண்ண நீங்க அள்ளுங்க." மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

துரைராசுவுக்கு முகம் கறுத்தது. சுற்றிலும் பார்த்தார். யாராவது ஒருவர், ஐயா நீங்க எதுக்கு, குடுங்க என்று ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வைரக்கண்ணு ஒரு அடி எடுத்து வைத்தார். "நில்லுங்க" என்றாள் செந்தாமரை. நின்றுவிட்டார். வேறு யாரும் அசையவில்லை. எங்களுக்கும் அந்த வளைவைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டுதானே இருந்தது.

துரைராசு செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அறுபதைத் தாண்டிய மனுஷன். அந்தச் சேற்றில் அவர் கால் பட்டதே கிடையாது. முதல் வெட்டில் மண்வெட்டி கிராவலில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வெட்டில் வழுக்கி முழங்காலிட்டு விழுந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்புச் சேறு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எழுந்து மறுபடி வெட்டினார். மூச்சு இரைத்தது. வெட்ட வெட்ட மழை மண்ணைச் சரித்துக் குழியை மூடிக்கொண்டே இருந்தது.

செந்தாமரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு குளிர்ந்துபோயிற்று. தன் வயலில் முதல் நாற்றை நட்ட அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு நிறைவாக இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போதும்கா" என்றாள் அம்சம்.

செந்தாமரைக்குக் காதில் விழவில்லை.

"போதும்கா! அங்க பயிரு சாவுது!"

துரைராசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவள் லியோவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜேசிபி நாலு அள்ளு அள்ளியது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. செந்தாமரையின் துண்டு நிலத்துப் பயிரை வேரோடு சாய்த்துக்கொண்டு வடிவாய்க்காலில் போய் விழுந்தது. தன் பயிர் போவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றோடு காரில் ஏறுகிற துரைராசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் தெற்கே தண்ணீர் வடிந்தது. பயிர் எழுந்து நிற்கவில்லை. சேறு பூசிக்கொண்டு ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அம்சம் ஒரு தூரைப் பிடுங்கி, தோகையை நகத்தால் கிழித்து, உள்ளே இருந்த கதிரைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தாள். வழுவழுவென்று வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"நேத்து வெட்டியிருந்தா பொழச்சிருக்கும்" என்றார் கண்ணுசாமி.

"நேத்து எங்கக்காளுக்கு நேரமில்ல" என்றாள் அம்சம்.

தை பிறப்பதற்குள் லியோ அந்த இடத்தில் பெரிய சிமெண்டுப் பைப்பாகப் போட்டு மூடி, மேலே தாரும் போட்டுவிட்டான். தண்ணீர் இனி நிற்காது. துரைராசு மனைக்குக் கல் ஊன்றி, மூலைக்கு மூலை கலர்க் கொடி நட்டார். வடிகால் வசதியுடன் என்று ரோட்டோரத்தில் பெரிய போர்டு வைத்தார். தஞ்சாவூர்ப் பார்ட்டி திரும்ப வந்து கார்னர் மனையை முடித்துக்கொண்டு போயிற்று. குத்தகை நெல்லைக் கண்ணுசாமி வெளியே வாங்கி அளந்தார். துரைராசு இடுப்பு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னால் புது நெல் அறுத்தால் முதல் முறம் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்குப் போகும். அந்த நெல்லைக் குத்தித்தான் அங்கே பொங்கல் வைப்பார்கள். சண்டை என்று அதை நிறுத்தக் கூடாது. போகி அன்றைக்குக் காலையில் அம்சம் வந்தாள். கார்த்திகைக்குப் பிறகு அந்த வாசலை மிதிப்பது அன்றைக்குத்தான். குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தாள். கையில் முறம், அதன் மேல் ஒரு மாவிலை.

"புது நெல்லுக்கா" என்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

செந்தாமரையும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கினதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. முறம் நிறைய இருந்தது, கனமே இல்லை. எல்லாம் சாவி.

"பத்து மாவுல நல்லதாப் பாத்து அறுத்தது" என்றாள் அம்சம். "வருஷா வருஷம் கொண்டாந்து குடுக்குறது. இந்த வருஷம் மட்டும் ஏன் நிறுத்தணும்?"

"உள்ள வா அம்சம்."

"வேல கெடக்கு. ஷீட்டு ஒழுகுது, தார்பாய் கட்டணும்." படி இறங்கினவள் திரும்பினாள். "அவரு சேத்துல விழுந்தத நல்லாப் பாத்தியாக்கா?"

அம்சம் போய்விட்டாள்.

செந்தாமரை வாசலிலேயே உட்கார்ந்து அந்த முறத்தைப் புடைத்தாள். சாவி பறந்து ரோட்டுப் பக்கம் போயிற்று. புடைக்கப் புடைக்க முறம் காலியானது. கடைசியில் ஒரு கைப்பிடி மணி நின்றது, கறுத்த மணி. அதை உரலில் போட்டுக் குத்தினாள். மறுநாள் கடை அரிசி ஒன்றும் சேர்க்காமல் அதை மட்டும் சின்னச் சட்டியில் பொங்கினாள். வெல்லம் போடவில்லை. வானதி தஞ்சாவூரிலிருந்து போனில் பொங்கிருச்சாம்மா என்று கேட்டதற்குப் பொங்கிருச்சு என்றாள். இரண்டு இலை போட்டு ஆளுக்குப் பாதியாக வைத்தாள்.

வைரக்கண்ணு ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கசக்குதே தாமரை."

"கல்ல நீங்க தூக்கினீங்க. தண்ணிய நான் நிறுத்தினேன்" என்றாள் அவள். "தின்னுங்க."